விவாத இழை: கவிதை மையத்தில் யார் கவிஞர் ஆனார்?

தொடக்கக் கேள்வி (ஒரு வாசகர், ஜனவரி 11)

கவிதை மையம் என்று நடத்துகிறார்களே, அதைப் பற்றி ஒரு கேள்வி. மாதம் ஒரு வாசிப்பு, வாரம் ஒரு பட்டறை, ஆறு வாரத்துக்கு ஒரு வகுப்பு. மூன்றுக்கும் போய்ப் பார்த்துவிட்டேன். வாசிப்பில் அவரவர் தன் முறைக்குக் காத்திருக்கிறார்கள், படித்து முடித்ததும் நழுவுகிறார்கள். பட்டறையில் பத்துப் பேர் சேர்ந்து ஒரு கவிதையை வழவழவென்று இழைத்துத் தருகிறார்கள். வகுப்பில் அசை பிரிக்கச் சொல்கிறார்கள். இதனால் எவர் கவிஞர் ஆனார்? எழுத வருகிறவன் தனியாக உட்கார்ந்து எழுதிக்கொள்வான். வராதவனுக்கு நூறு வகுப்பு வைத்தாலும் வராது. மறுப்பு உண்டா?

ஜனவரி 11, இரவு

உண்டு.

ஒன்பது வருடமாக இப்படி ஒரு மையத்தில் இருக்கிறேன். நாற்காலி போடுவதில் ஆரம்பித்து இப்போது பட்டறை நடத்துவது வரை வந்திருக்கிறேன். நூலகத்தில் உட்கார்ந்து படிக்கிறவரிடம் போய் "நீங்கள் எப்போது அறிஞர் ஆவீர்கள்" என்று யாரும் கேட்பதில்லை. கவிதைக்கு மட்டும் இந்தக் கணக்கு ஏன்? எங்கள் வாசிப்புக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரு வரிகூட எழுதுவதில்லை. கேட்க வருகிறார்கள், கேட்டுவிட்டுப் போகிறார்கள். அவர்கள் இல்லாவிட்டால் நீங்கள் தனியாக உட்கார்ந்து எழுதியதை யாரிடம் படிப்பீர்கள்?

மூன்றும் மூன்று வேறு காரியம். வாசிப்பு கேட்பதற்கு, பட்டறை திருத்துவதற்கு, வகுப்பு கற்பதற்கு. ஒன்றில் செய்ய வேண்டியதை இன்னொன்றில் செய்தால் மூன்றுமே கெடும். வாசிப்பு முடிந்து வெளியே வருகிறவரைப் பிடித்து "மூன்றாவது பத்தி நீளம்" என்று சொல்கிறவரை நானும் பார்த்திருக்கிறேன், கோபமும் வந்திருக்கிறது.

ஜனவரி 12

நழுவுகிறவர்கள் விஷயத்தில் நீங்கள் சொன்னது முழு உண்மை. அதைப் பற்றி விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் அதற்கு மருந்து இருக்கிறது.

எங்கள் பொது மேடையில் முன்பு பெயர்ப் பட்டியல் ஒன்று சுவரில் தொங்கும். வருகிற வரிசையில் எழுதுவார்கள். ஐந்தாவது பெயர்க்காரர் ஆறாவது ஆளைக் கேட்கமாட்டார். கடைசிப் பெயர்க்காரர் காலி நாற்காலிகளிடம் படிப்பார். ஒரு முறை கடைசியாகப் படித்தது ஒரு கல்லூரி மாணவி. அவருக்கு முன்னால் மூன்று பேர்தான் இருந்தோம், அதில் ஒருவர் அறையைப் பூட்டக் காத்திருந்தவர். அன்றிலிருந்து பட்டியலை எடுத்துவிட்டோம். பெயர்ச் சீட்டை ஒரு டப்பாவில் போடச் சொல்கிறோம். ஒருவர் படித்து முடித்ததும் அவரே அடுத்த சீட்டை எடுத்துப் பெயர் சொல்வார். தன் முறை எப்போது என்று யாருக்கும் தெரியாது. அதனால் இருக்கிறார்கள். படித்து முடித்தவரும் பெரும்பாலும் இருந்துவிடுகிறார். தான் கூப்பிட்ட பெயருக்குரியவர் படிக்கும்போது எழுந்து போக மனசு வராது போலிருக்கிறது.

நேரம் ஆளுக்கு மூன்று நிமிடம். இது நாங்கள் கண்டுபிடித்ததில்லை. 1986இல் சிகாகோவில் மார்க் ஸ்மித் என்கிற கட்டுமானத் தொழிலாளி தொடங்கிய கவிதைப் போட்டி மேடையில் வேரூன்றிய அளவு அது. மூன்று நிமிடம், மேலே பத்து விநாடி சலுகை, அதைத் தாண்டினால் மதிப்பெண் குறையும். கூட்டத்திலிருந்தே ஐந்து நடுவர்களைப் பொறுக்குவார்கள். அதிகபட்ச மதிப்பெண்ணையும் குறைந்தபட்ச மதிப்பெண்ணையும் தள்ளிவிட்டு நடுவில் உள்ள மூன்றைக் கூட்டுவார்கள். மதிப்பெண் முறையை நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று நிமிடத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். முன்னுரையும் அதற்குள்தான். "இந்தக் கவிதை பிறந்த சூழலைச் சொல்லிவிடுகிறேன்" என்று தொடங்குகிறவருக்கு இரண்டு நிமிடம் சூழலிலேயே போய்விடும். அடுத்த மாதம் நேரே கவிதைக்கு வந்துவிடுவார்.

ஒலிவாங்கி இருந்தால் அது வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். நேருக்கு நேர் வைத்தால் ஒவ்வொரு பகரமும் வெடிக்கும். முப்பது பேருக்குள் என்றால் ஒலிவாங்கியே வேண்டாம். வெறும் குரலுக்கு ஆட்கள் முன்னால் நகர்ந்து உட்காருகிறார்கள்.

ஜனவரி 15, பட்டறை முடிந்து வந்து

இழைத்து வழவழப்பாக்குவது பற்றிச் சொன்னீர்கள். நான்கு நாளாக இதற்கு எழுதாமல் தள்ளிப்போட்டதற்குக் காரணம் இருக்கிறது.

பட்டறை நடைமுறை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கவிதையின் நகல் எல்லார் கையிலும் இருக்கும். எழுதியவர் ஒரு தரம் படிப்பார். பிறகு பேசக் கூடாது. மற்றவர்கள் பேசுவார்கள். கடைசியில்தான் அவருக்கு வாய் திறக்க அனுமதி. 1936இல் தொடங்கிய அயோவா பல்கலைக்கழகத்தின் எழுத்துப் பட்டறை வழியாக உலகம் முழுக்கப் பரவிய வழக்கம் இது. எழுதியவர் பக்கத்திலேயே நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது, கவிதை தன் காலில் நிற்கிறதா என்று பார்ப்போம் என்பது இதன் நியாயம். நல்ல நியாயம்தான்.

மூன்று வருடம் முன்பு எங்கள் வியாழக்கிழமைப் பட்டறைக்கு ஒருவர் வந்தார். வீடுகளுக்கு வெள்ளையடிக்கிறவர். அதிகம் பேசமாட்டார். ஐந்தாவது வாரம் ஒரு கவிதை கொண்டுவந்தார். குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்ட வீடு. சுவரில் பிள்ளைகளின் உயரத்தைப் பென்சிலால் குறித்த கோடுகள், பக்கத்தில் பெயரும் தேதியும். ஒரு பெயருக்கு நேரே மட்டும் மூன்று கோட்டோடு நின்றுவிடுகிறது. இப்போது இவர் அதன்மேல் வெள்ளையடிக்க வேண்டும். அதற்குப் பிறகு பேச்சுமொழியில் நான்கு வரி இருந்தது. வரிகளை இங்கே போட எனக்கு உரிமை கிடையாது, அதனால் விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

அந்த நான்கு வரியையும் வெட்டச் சொன்னது நான். "கோடில்லை என்ற இடத்தில் கவிதை முடிந்துவிட்டது. மிச்சமெல்லாம் கவிதை தன்னைத்தானே விளக்குவது" என்றேன். பத்துப் பேரும் ஆமாம் என்றார்கள். சிலர் கையைத் தட்டினார்கள். அவர் தலையசைத்தார். பென்சிலால் நாலு வரியையும் அடித்தார். அதற்கப்புறம் அவர் பட்டறைக்கு வரவேயில்லை.

வழவழப்பு என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு அந்தப் பென்சில்தான் ஞாபகம் வந்தது.

ஜனவரி 15, சற்றுப் பிறகு

பத்துப் பேர் என்று எழுதிவிட்டேன். அந்த அறையில் எட்டு நாற்காலிதான் போட முடியும். எட்டுப் பேர்.

ஜனவரி 17

அசை பிரிப்பது. இதில் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

நேர், நிரை என்ற இரண்டு அசைகளையும் சூத்திரமாகப் பள்ளியில் மனப்பாடம் செய்து வெறுத்தவர்கள்தான் எங்கள் வகுப்புக்கு வருகிறார்கள். நான் முதல் நாள் கரும்பலகையில் எதுவும் எழுதுவதில்லை. மேசையைத் தட்டச் சொல்வேன். தேமா, புளிமா, கருவிளம், கூவிளம். இந்த நான்கையும் சொல்லிச் சொல்லித் தட்டவேண்டும், அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் தேமா கனமாக இரண்டு அடி வைப்பதும் கருவிளம் விடுவிடுவென்று ஓடுவதும் காதுக்குத் தெரிந்துவிடும். பெயரெல்லாம் அதற்குப் பிறகு. பிறகு ஒரு சீர் அடுத்த சீரோடு சேரும் விதி, அதாவது தளை: மா முன் நிரை, விளம் முன் நேர். இதையும் தட்டித்தான் கண்டுபிடிப்போம்.

புதுக்கவிதை எழுதுகிறவருக்கு இது எதற்கு என்பீர்கள். "மழை பெய்தது" என்று எழுதினால் அது தகவல். "பெய்தது மழை" என்று திருப்பினால் வரி ஒரே நிரையசையில் போய் நிற்கிறது, ம, ழை என்று இரண்டு எழுத்தும் சேர்ந்து விழுவது போல. எது உங்கள் கவிதைக்கு வேண்டும் என்பது உங்கள் பாடு. ஆனால் இரண்டும் வேறு என்று காது சொல்ல வேண்டும். கேட்காத காதோடு எழுதுகிறவர் சொற்களை அர்த்தத்துக்காக மட்டும் நகர்த்திக்கொண்டிருப்பார். போன வகுப்பில் ஒரு ஓய்வுபெற்ற கணக்காளர் நான்காவது வாரம் வந்து, "செய்தி வாசிக்கறதைக் கேட்டாக்கூட இப்ப எனக்குத் தளை தட்டுதுங்க, செய்தியே மனசுல நிக்கல" என்றார். அன்றைக்கு அறை முழுக்கச் சிரிப்பு.

ஈற்றடியைக் கொடுத்து வெண்பா எழுதச் சொல்வதும் வகுப்பில் உண்டு. எல்லாருக்கும் ஒரே கடைசி அடி, மேலே உள்ள மூன்றும் அவரவருடையது. முஷாயிரா என்கிற உருதுக் கவியரங்கில் இதே போல ஒரு வரியைக் கொடுத்து அதே சந்தத்தில், அதே இயைபில் எல்லாரையும் கஜல் எழுதி வரச் சொல்வார்கள். தரஹ் என்று அதற்குப் பெயர். கட்டுப்பாடு ஒன்றாகவும் கவிதை வேறாகவும் இருக்கும்போதுதான் யாருக்கு என்ன குரல் என்பது பளிச்சென்று தெரியும். எங்கள் வகுப்பில் ஒரே ஈற்றடிக்கு ஒருவர் இரங்கலும் அவர் பக்கத்தில் இருந்தவர் திருமண வாழ்த்தும் எழுதியிருந்தார்கள். இரண்டும் தளை தட்டாத வெண்பா.

ஜனவரி 19

தனிமடலில் ஒருவர், "பட்டறையில் நண்பர்கள் நண்பர்களைப் புகழ்வதை எப்படித் தடுப்பது" என்று கேட்டிருந்தார். பொதுவில் சொல்வது நல்லது.

ஜப்பானில் ஹைக்கூ எழுதுகிறவர்களின் கூட்டத்துக்குக் குகாய் என்று பெயர். அங்கே ஒவ்வொருவரும் தன் கவிதைகளைச் சீட்டுகளில் பெயரில்லாமல் எழுதித் தருவார்கள். சீட்டுகளைக் கலக்கிப் பங்கிட்டு, ஒவ்வொருவரும் தன் கைக்கு வந்ததை ஒரு தாளில் படியெடுப்பார்கள். கையெழுத்தை வைத்துக்கூட யாருடையது என்று கண்டுபிடிக்க முடியாது. தாள்கள் வட்டமாகச் சுற்றி வரும். பிடித்ததை ஒவ்வொருவரும் தெரிந்தெடுக்க வேண்டும், தன்னுடையதை எடுக்கக் கூடாது. தெரிந்தெடுத்ததை உரக்கப் படிக்கும்போதுதான் எழுதியவர் தன் பெயரைச் சொல்வார்.

நாங்கள் வருடத்தில் நான்கு முறை இப்படிச் செய்கிறோம். சிறு கவிதைக்கு அருமையாகப் பொருந்துகிறது, இருபது வரிக் கவிதைக்குப் பொருந்தவில்லை, படியெடுப்பதிலேயே பொழுது போய்விடுகிறது. ஆனால் இதில் எனக்குப் பிடித்ததே அந்தப் படியெடுப்பு வேலைதான். இன்னொருவர் வரியை உங்கள் கையால் எழுதும்போது ஒவ்வொரு சொல்லிலும் நிற்க வேண்டியிருக்கிறது. கண்ணால் ஓடிவிட முடியாது. அச்சு நகலைக் கையில் கொடுக்கிற பட்டறையில் எட்டுப் பேரும் கண்ணால் ஓடுகிறார்கள். நானும்தான்.

ஜனவரி 20

நேற்று எழுதியதன் கடைசி வரி தூங்கவிடவில்லை. அந்த வெள்ளையடிப்பவரின் கவிதையை அவர் ஒரு தரம் படித்தார். அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டேதான் பேசினோம். வேறு யாரும் வாய்விட்டுப் படிக்கவேயில்லை.

ஜனவரி 22

இன்று மையத்தில் பழைய வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். நான் 15ஆம் தேதி எழுதியது தவறு. "அதற்கப்புறம் வரவேயில்லை" என்றிருந்தேன். அவர் அடுத்த இரண்டு வாரமும் வந்திருக்கிறார். கையெழுத்து இருக்கிறது. மூன்றாவது வாரத்திலிருந்துதான் இல்லை.

மூன்று வருடமாக இந்தக் கதையை நான் "அன்றோடு போய்விட்டார்" என்றுதான் எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது பார்த்தால் கூடுதல் வருத்தமாக இருக்கிறது. இரண்டு வாரம் எங்களோடு உட்கார்ந்திருந்திருக்கிறார், எனக்கு நினைவேயில்லை. அந்த இரண்டு நாளில் அவர் கவிதை எதுவும் பேசப்பட்டதாகக் குறிப்பில்லை. கொண்டுவந்தாரா என்று யாரும் கேட்டோமா என்பதும் இல்லை.

பட்டறை நடத்துகிறவர்களுக்கு: யார் கவிதை பேசப்பட்டது என்பதோடு யார் கவிதை பேசப்படவில்லை என்பதையும் பதிவேட்டில் எழுதிவையுங்கள். இன்று முதல் நாங்கள் எழுதுகிறோம்.

ஜனவரி 26

அந்தக் கவிதையின் நகல் என் கோப்பில் கிடைத்தது. நான் கோடு போட்ட நகல். கதவைச் சாத்திக்கொண்டு உரக்கப் படித்தேன், முதலில் வெட்டிய வடிவம், பிறகு முழுசாக.

முழுசாகப் படித்தபோது, அந்த நான்கு வரியின் முதல் வரியில் ஒரு சொல் மேலே வந்த ஒரு சொல்லோடு மோதுவது கேட்டது. ஒரே ஒலி, இரண்டு அர்த்தம். எது என்று சொன்னால் வரியையே சொன்னதாகிவிடும். தாளில் அது வெறும் தொழில் பேச்சாகத்தான் தெரிந்தது. வாயில் வந்தபோது கவிதையே அங்கேதான் திரும்புகிறது. எட்டுப் பேர் இருந்த அறையில் ஒருவர் காதிலும் அது விழவில்லை.

நன்னூலில் பவணந்தி மாணவருக்குச் சொல்கிற இடம் ஒன்று உண்டு. ஒரு பாடத்தை இரண்டு முறை கேட்டால் பிழை இருக்காது, மூன்று முறை கேட்டால் முறையறிந்து எடுத்துச் சொல்லவும் முடியும் என்பார். ஆசிரியரிடம் பாடம் கேட்பதற்கான விதி அது. எங்கள் மேசைக்கு அதைக் கடன் வாங்கப்போகிறேன். எழுதியவர் ஒரு தரம் படிக்கட்டும். இன்னொருவர் இரண்டாவது தரம் படிக்கட்டும். அதுவரை யார் கையிலும் தாள் கிடையாது.

எழுதியவர் வாய் திறக்கக் கூடாது என்ற விதியையும் நான் இப்போது அவ்வளவு உறுதியாகப் பிடித்துக்கொள்ளமாட்டேன். லிஸ் லெர்மன் என்ற அமெரிக்க நடன அமைப்பாளர் 1990இல் வகுத்த முறை ஒன்று உண்டு, நான்கு படி. முதலில் பார்த்தவர்கள் தங்களுக்கு எது பதிந்தது என்று சொல்வார்கள். அடுத்து படைத்தவர் தனக்கு இருக்கும் சந்தேகத்தைக் கேட்பார். மூன்றாவதாகப் பார்த்தவர்கள் கேள்வி கேட்பார்கள், கேள்விக்குள் தீர்ப்பை ஒளித்துவைக்கக் கூடாது. "ஏன் இவ்வளவு நீளம்" என்பது தீர்ப்பு, "இந்தக் கடைசிப் பகுதி எதற்காக வருகிறது" என்பது கேள்வி. நான்காவதில்தான் கருத்து, அதுவும் "இதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து இருக்கிறது, சொல்லலாமா" என்று கேட்டு, படைத்தவர் சரி என்றால் மட்டும்.

நான் அன்று மூன்று படிகளையும் தாண்டி நாலாவதில் குதித்தேன், அனுமதியும் கேட்காமல். "அந்த நாலு வரி எதற்காக" என்று ஒரு கேள்வி போதும். அவர் சொல்லியிருப்பார்.

ஜனவரி 29

இன்று செய்து பார்த்தோம். இரண்டு குரல், கையில் தாள் இல்லை. ஒரு கவிதைக்கு வழக்கமாகப் பன்னிரண்டு நிமிடம் ஆகும், இன்று இருபது ஆனது. ஏழு கவிதை எடுக்க வேண்டிய இடத்தில் நாலுதான் முடிந்தது, மூன்று பேர் ஏமாற்றத்தோடு போனார்கள். அவர்கள் பெயரைப் பதிவேட்டில் எழுதிவிட்டேன், அடுத்த வாரம் அவர்கள்தான் முதலில்.

இரண்டாவது குரல் தடுமாறுகிற இடம் அநேகமாக வரி முறிப்பு தவறாக இருக்கிற இடம். யாரும் சொல்லிக்காட்ட வேண்டியிருக்கவில்லை. எழுதிய பெண்ணே "அங்க நான் மாத்தணும்" என்று குறித்துக்கொண்டார்.

பிப்ரவரி 2

"தனியாக உட்கார்ந்து எழுதிக்கொள்வான்" என்பதற்குத் திரும்புகிறேன்.

நியூயார்க்கின் 92ஆம் தெரு ஒய் என்ற பண்பாட்டு நிறுவனத்தில் 1939 முதல் ஒரு கவிதை மையம் இருக்கிறது. வேல்ஸ் நாட்டுக் கவிஞர் டிலன் தாமஸ் தன் 'அண்டர் மில்க் வுட்' என்ற குரல் நாடகத்தை 1953 மே 14 அன்று அங்கே நடிகர்களோடு மேடையேற்றினார். மேடை நாள் குறித்தாகிவிட்டது, பிரதி முடியவில்லை. மையத்தில் பணியாற்றியவர்கள் அவரை உட்காரவைத்து எழுதி வாங்கினார்கள். கடைசிப் பக்கங்கள் நடிகர்கள் ஒப்பனை போட்டுக்கொண்டிருக்கும்போது கைக்கு வந்தன. பல வருடமாக அவர் தனியாக வைத்திருந்த வேலை அது. ஒரு நாளும், காத்திருக்கிற கூட்டமும் வேண்டியிருந்தன.

எங்கள் மையத்தில் இதே காரியம் சிறிய அளவில் மாதாமாதம் நடக்கிறது. வாசிப்புக்கு முந்தின இரவு எத்தனை கவிதை முடிகிறது என்பது எனக்கு வரும் அழைப்புகளிலிருந்தே தெரியும்.

பாதுகாப்பதும் ஒரு வேலை. அரிசோனா பல்கலைக்கழகத்தின் கவிதை மையம் 1960இல் தொடங்கியது, அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் ஃபிராஸ்ட் திறப்புக்கு வந்திருந்தார். அங்கே நடந்த வாசிப்புகளின் ஒலிப்பதிவுகளை இப்போது யார் வேண்டுமானாலும் இணையத்தில் கேட்கலாம். எங்களிடம் ஒன்பது வருடத்தில் பதினோரு மணி நேரப் பதிவுதான் இருக்கிறது, பாதி வெறும் இரைச்சல். வாசிப்பு நடத்துகிறவர்கள் ஒரு கைபேசியை மேசையில் ஒரு துணிமேல் வைத்தாவது பதிவு செய்யுங்கள். படிக்கிறவரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். துணி முக்கியம், வெறும் மேசையில் வைத்தால் ஒவ்வொரு தட்டலும் இடியாக விழும்.

பிப்ரவரி 3

குழந்தைகளுக்கு வகுப்பு உண்டா என்று இங்கே ஒரு தாய் கேட்டிருந்தார். உண்டு. கென்னத் கோக் என்ற கவிஞர் 1968இல் நியூயார்க்கின் ஒரு ஆரம்பப் பள்ளியில் கற்பித்த வழியைத்தான் நாங்கள் கொஞ்சம் மாற்றிப் பின்பற்றுகிறோம். ஒவ்வொரு வரியும் "எனக்கு ஆசை" என்று தொடங்க வேண்டும். ஆளுக்கு ஒரு வரி, சேர்த்தால் வகுப்பே எழுதிய ஒரு கவிதை. எதுகையைக் கட்டாயமாக்கக் கூடாது என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார். எதுகை தேடப் போனால் பிள்ளைகள் சொல்ல வந்ததை விட்டுவிடுவார்கள் என்றார். தமிழில் இது முழுக்கப் பொருந்தாது என்பது என் எண்ணம். நம் பிள்ளைகளுக்கு எதுகையும் மோனையும் விளையாட்டாகவே வாயில் வரும். வந்தால் வரட்டும், தேட வேண்டாம் என்கிறேன்.

பின்னாளில் அவர் முதியோர் இல்லம் ஒன்றிலும் கற்பித்தார். கையெழுத்து ஓடாதவர்கள் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். எங்களிடம் அது இன்னும் இல்லை. வேண்டும்.

பிப்ரவரி 6

பதிவேட்டில் இருந்த வெள்ளையடிப்பவரின் எண்ணுக்கு இன்று அழைத்தேன். அதே எண்தான். என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டார்.

மன்னிப்புக் கேட்கத்தான் அழைத்தேன். அவர் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அதுக்காகவா நான் வரலன்னு நெனச்சீங்க?" என்றார்.

காரணம் நேரம். பட்டறை மாலை ஆறு மணிக்கு. அவருக்கு வேலை முடிவதே ஆறு மணிக்கு. "குளிச்சு, துணி மாத்தி வந்தா ஏழே கால் ஆயிரும். பாதியில கதவத் தொறந்தா எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க. பேசிட்டிருந்தவங்க நிறுத்திருவாங்க. ரெண்டு வாரம் அப்படி வந்தேன். அப்புறம் எதுக்கு அவங்களத் தொந்தரவு பண்ணணும்னு விட்டுட்டேன்." அந்த இரண்டு வாரமும் சட்டைப்பையில் புதுக் கவிதை இருந்ததாம். "நான் வர்றதுக்குள்ள முறை முடிஞ்சிருக்கும்."

மூன்று வாரமாக இங்கே நான் எழுதியதெல்லாம் என் வார்த்தை அவரை என்ன செய்தது என்பதைப் பற்றி. ஆறு மணி என்பதைப் பற்றி எனக்கு ஒரு முறைகூடத் தோன்றவில்லை. அந்த நேரத்தை வைத்தது அலுவலகத்திலிருந்து நேராக வருகிற எங்களைப் போன்றவர்களின் வசதிக்கு.

வெட்டியதைப் பற்றி அவரிடமே கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "தப்புன்னு சொல்லலீங்க. பேப்பர்ல அங்கயே நிக்கட்டும். ஆனா வாயால சொல்றப்ப நான் அதையும் சேத்துத்தான் சொல்வேன். வேல முடிஞ்சு ஏணியிலேருந்து எறங்கணும்ல?"

பிப்ரவரி 6, இரவு

வரிகளைப் போட அனுமதி கேட்டிருந்தேன். "போடுங்க, பேரு வேணாம்" என்று செய்தி அனுப்பியிருக்கிறார். கவிதையின் கடைசிப் பகுதி இது. நான் வெட்டச் சொன்னது இடைவெளிக்குக் கீழே உள்ள நான்கு வரி.

அந்தப் பெயருக்கு நேரே
மூன்றாம் கோட்டுக்கு மேல்
கோடில்லை.

ரெண்டு கோட்டு அடிச்சாச்சு.
கூலியும் வாங்கியாச்சு.
ப்ரஷ்ஷக் கழுவறேன், கழுவறேன்,
தண்ணி தெளியல.

வாய்விட்டுப் படியுங்கள். சுவரில் பிள்ளைக்குப் போட்ட கோடும், அதன்மேல் இவர் அடித்த கோட்டும், அதாவது வெள்ளைப் பூச்சும். 26ஆம் தேதி நான் சொல்லாமல் விட்டது அதைத்தான்.

கடைசி இரண்டு வரி பற்றி எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு. "கூலியும் வாங்கியாச்சு" என்பதில் நின்றால் இன்னும் கனம் என்று தோன்றுகிறது. தண்ணீர் தெளியாதது துக்கத்தை நமக்குக் கையில் எடுத்துக் கொடுக்கிறது. ஆனால் இந்த முறை அதை ஒரு கேள்வியாக அவரிடம் கேட்பேன்.

பிப்ரவரி 7

கேள்வி எழுப்பியவர் மேலே எழுதியிருக்கிறார்: "நாலு வரியும் இருக்கட்டும். தொடாதீர்கள்." முதன்முதலாக நீங்கள் ஒரு கவிதையைப் பற்றிப் பேசியிருக்கிறீர்கள். மகிழ்ச்சி. எதனால் என்றும் எழுதுங்கள், தண்ணீர் வரி உங்களுக்கு எப்படிக் கேட்டது?

பிப்ரவரி 12

நிர்வாகக் குழுவில் பேசியாகிவிட்டது. வியாழன் மாலைப் பட்டறை இருக்கும், கூடவே ஞாயிறு காலை 10 மணிக்கு இன்னொன்று. கதவருகே இரண்டு நாற்காலி எப்போதும் காலியாக விடப்படும். பேசுகிறவர்கள் கதவுக்கு எதிர்ப்பக்கம் உட்காருவார்கள். தாமதமாக வருகிறவருக்காகப் பேச்சை நிறுத்தக் கூடாது, அவர் பெயரை வரிசையில் சேர்த்துக்கொண்டால் போதும். ஒரு உறுப்பினர் ஞாயிறு யாரும் வரமாட்டார்கள் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கலாம், பார்ப்போம்.

பிப்ரவரி 23

நேற்று முதல் ஞாயிறு. பதினொரு பேர். எட்டு நாற்காலி போக மூன்று பேர் நின்றார்கள், பிறகு பக்கத்து அறையிலிருந்து பெஞ்சைத் தூக்கி வந்தோம். இரவுப் பணி முடித்துவிட்டு நேராக வந்த செவிலியர் ஒருவர் இருந்தார். கவிதை கொண்டுவரவில்லை, கேட்கத்தான் வந்தேன் என்றார்.

வெள்ளையடிப்பவரும் வந்தார். புதிய கவிதை வேண்டாம், அந்தப் பழையதையே எடுக்கலாம் என்று சொன்னார். முதலில் தானே படித்தார், தாளைப் பார்க்காமல், கடைசி நாலு வரியோடு. இரண்டாவது குரலுக்குச் செவிலியரைக் கேட்டோம், தயங்கி வாங்கிக்கொண்டார். நிதானமாகப் படித்துக்கொண்டே வந்தவர் "ரெண்டு கோட்டு" என்ற இடத்தில் நின்றார். விரலை மேல்வரிக்குக் கொண்டுபோனார். "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு, மூன்றாம் கோட்டிலிருந்து மறுபடி படிக்க ஆரம்பித்தார்.